வேடர் வரும்போது ஒலிக்காத இசை

ஸ்டார் வார்ஸ் பார்த்த நண்பர் யாரிடமாவது, வில்லன் டார்த் வேடர் முதன்முதலாகத் திரையில் தோன்றும்போது என்ன இசை வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். உடனே வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார்: டம் டம் டம், டம்-ட-டம், டம்-ட-டம். புகை மண்டிய வெள்ளைத் தாழ்வாரம், கருப்பு அங்கி, முகமூடிக்குள்ளிருந்து இழுத்து விடும் மூச்சு, கூடவே அந்த அணிவகுப்பு இசை. எல்லாம் சரிதான், இசையைத் தவிர. 1977-இல் வெளிவந்த முதல் படத்தில் எந்த இடத்திலும் அந்த மெட்டு கிடையாது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அதை எழுதியதே இரண்டாவது படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'குக்காகத்தான். அது வந்தது 1980-இல். முதல் படத்தில் பேரரசின் ஆட்களுக்கென்று தாழ்ந்த குரலில் ஒரு குறுந்துணுக்கு உண்டு. இன்று அதைப் பாடிக்காட்டச் சொன்னால் பெரும்பாலோர் விழிப்பார்கள்.

நம் நினைவு மூன்று ஆண்டுகள் பின்னால் போய், இல்லாத இடத்தில் ஒரு மெட்டை ஒட்டவைத்துவிட்டு வந்திருக்கிறது. இந்தத் தொடரின் இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இந்தத் தவறே நல்ல வாசல். மெட்டு நன்றாக இருக்கிறது, அதனால் நினைவில் நிற்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நல்ல மெட்டுகள் எத்தனையோ படங்களில் வந்து, படத்தோடு போய்விட்டன. வில்லியம்ஸ் ஒரு மெட்டை எங்கே முதலில் வைத்தார், எங்கே தராமல் கையில் வைத்துக்கொண்டார், எங்கே அதன் உருவத்தை மாற்றினார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில், இப்படியொரு இசை அந்தப் படத்துக்கு வந்ததே வியப்புக்குரியது. விண்வெளிப் படம் என்றால் விநோதமான ஒலி வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்கு இசைக்கருவிகளே இல்லாமல் முழுக்க மின்னணு ஒலிகளாலேயே இசையமைத்திருந்தார்கள். 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் வேறு வழியில் போனார். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்காக அலெக்ஸ் நார்த் எழுதிக்கொடுத்த இசையை ஓரங்கட்டிவிட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோர் ஏற்கெனவே எழுதியிருந்தவற்றை எடுத்துக்கொண்டார். ஸ்டார் வார்ஸை இயக்கிய ஜார்ஜ் லூகாஸும் படத்தொகுப்பின்போது ஹோல்ஸ்ட் போன்றோரின் இசையைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வில்லியம்ஸைக் கைகாட்டியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இரண்டே சுரங்களை வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகவே பயப்பட வைத்த 'ஜாஸ்' படத்தின் இசைக்காக வில்லியம்ஸ் அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார்.

அவருடைய கணக்கு எளிமையானது. கண் பார்ப்பதெல்லாம் புதிது: இரண்டு சூரியன்கள், ரோமம் அடர்ந்த விமானி, விசிலடித்துப் பேசும் குப்பைத்தொட்டி போன்ற ரோபோ. அப்படியானால் காது கேட்பதாவது பழகியதாக இருக்கட்டும். அதற்காக அவர் போனது முப்பதுகளின் ஹாலிவுட்டுக்கு. கடற்கொள்ளையர் படங்களுக்கும் வாள்வீச்சுப் படங்களுக்கும் எரிக் கார்ன்கோல்ட் எழுதிய பெரிய சிம்பொனி இசைக்கு. கார்ன்கோல்ட் வியன்னாவில் ஓபரா எழுதிப் பேர் வாங்கியவர். 'ராபின் ஹுட்' படத்துக்கு இசையமைக்க அமெரிக்கா வந்திருந்த 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதரான அவர் அங்கேயே தங்கிவிட்டார். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது அந்த மரபை. அவருடைய முகப்பு மெட்டுக்கும், 1942-இல் வந்த 'கிங்ஸ் ரோ' படத்துக்கு கார்ன்கோல்ட் எழுதிய முகப்பு மெட்டுக்கும் உள்ள முகச்சாயலைச் சுட்டிக்காட்டி, இது நகல் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சாயல் இருப்பது உண்மை. அதை அவர் மறைக்க முயன்றதாகவும் தெரியவில்லை. முன்னோர் மொழியில் பேசத் தெரிந்தவர் அந்த மொழியில் என்ன சொன்னார் என்றுதான் கேட்க வேண்டும்.

1977 மார்ச். லண்டனுக்கு வெளியே டென்ஹாம் என்ற ஊரில் இருந்த ஆன்வில் ஸ்டூடியோ. லண்டன் சிம்பொனி இசைக்குழு உட்கார்ந்திருக்கிறது. முதல் டிரம்பெட் நாற்காலியில் மாரிஸ் மர்ஃபி. அந்தக் குழுவில் அவருக்கு அதுதான் முதல் நாள் வேலை என்று இசைக்குழுவினர் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அவர் ஊதியதைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மர்ஃபி ஊதிய மெட்டை நம் சுரங்களில் எழுதிப் பார்த்தால் அதன் கட்டுமானம் பளிச்சென்று தெரியும். ஆறரைக் கட்டை சுருதி. மந்திர ஸ்தாயியில் மூன்று பஞ்சமங்கள் விரைந்து தட்டி எழுப்புகின்றன: ப ப ப. பிறகு நீண்ட ஸா. அங்கிருந்து ஒரே எட்டில் மேலே நீண்ட பா. அடுத்து ம க ரி என்று மூன்று சுரங்கள் கடகடவென்று இறங்க, இனி ஸட்ஜமத்துக்கு வந்து அமரும் என்று காது நம்பியிருக்கும்போது, மெட்டு கீழே வராமல் மேல் ஸட்ஜமத்துக்குத் தாவிவிடுகிறது. மூன்று படி இறங்கியவன் கடைசிப் படியை மிதிக்காமல் நேரே மாடிக்குக் குதித்தது போல. மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பஞ்சமத்துக்கு இறங்கி, மறுபடியும் அதே ம க ரி, அதே தாவல். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். கமகம் இல்லாமல் நேர்க்கோட்டில் நிற்கும்போது அதன் குணமே வேறு. ஒரு பண்ணைப் பையன் தன் தகுதிக்கு மீறிய உயரத்துக்கு ஆசைப்படும் கதையை இந்தத் தாவல் ஏழெட்டுச் சுரங்களில் சொல்லிவிடுகிறது. கேட்பவர் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. நெஞ்சு நிமிர்ந்தால் போதும்.

ஆறரைக் கட்டையிலும் ஒரு செய்தி இருக்கிறது. படம் தொடங்குவதற்கு முன்னால் வரும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் முரசு முழக்கமும் அதே சுருதி. அதை 1933-இல் எழுதியவர் ஆல்ஃபிரட் நியூமன். இளமையில் வில்லியம்ஸ் அவருடைய இசைக்குழுவில் பியானோ வாசித்திருக்கிறார். ஆக, நியூமனின் முழக்கம் முடிந்து, நிசப்தமாக நீல எழுத்துகள் வந்து போய், அதன் பிறகு இசைக்குழு முழுவதும் இடிபோல் இறங்கும்போது காதுக்கு அது ஒரே ஓட்டமாகத் தோன்றுகிறது. டிஸ்னி தொடரை வாங்கிய பிறகு, 2015-இல் ஏழாவது படம் அந்த முழக்கம் இல்லாமல் தொடங்கியபோது, என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமலேயே பலர் ஏதோ குறைந்ததை உணர்ந்திருப்பார்கள்.

பாத்திரத்துக்கு ஒரு மெட்டு என்ற உத்தி புதிதும் இல்லை, ஹாலிவுட்டின் சொத்தும் இல்லை. ஜெர்மனியின் வாக்னர் தன் நான்கு இரவு ஓபராவில் வாளுக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று நுண்மெட்டுகளை வைத்து நெய்தார். இசை அறிஞர்கள் அவற்றை லைட்மோட்டிஃப் என்றார்கள். பிரெஞ்சு இசைஞர் டெபுஸி இதைக் கிண்டலடித்தார்: பாத்திரங்கள் ஒவ்வொரு முறையும் விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு வருகின்றனவாம். கிண்டல் நியாயமானதே. நம்மூர் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் வாசற்படி தாண்டும்போதெல்லாம் அதே இடி இடிப்பதைக் கேட்டவர்களுக்கு டெபுஸியின் எரிச்சல் புரியும். ஸ்டார் வார்ஸ் இசையும் இப்படிப் பெயர்ப்பலகை மாட்டும் வேலை என்று நினைப்பவர்கள் முதல் படத்தின் சூரிய அஸ்தமனக் காட்சியை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

காட்சி ஒரு நிமிடம்கூட இராது. இந்த அறுவடையும் முடியட்டும், பிறகு போகலாம் என்று மாமா மறுபடியும் தடை போட்டுவிட்டார். கதாநாயகனான பண்ணைப் பையன் லூக் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வெளியே வருகிறான். மணல்வெளி. தொடுவானத்தில் இரண்டு சூரியன்கள். அவன் ஒரு மேட்டில் ஏறி நிற்கிறான், காற்று தலைமுடியைக் கலைக்கிறது. வசனம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஹார்ன் ஒன்று தனியாகத் தொடங்குகிறது: மந்திர பஞ்சமம், ஸட்ஜமம், ரிஷபம், பிறகு சாதாரண காந்தாரம். முகப்பு மெட்டின் முதல் அடியும் இதே பஞ்சமத்திலிருந்து ஸட்ஜமத்துக்குத்தான். அங்கே அந்தத் தாவலில் வீரம் தெறிக்கிறது. இங்கே அதே இடைவெளி, காந்தாரம் அரைச்சுரம் இறங்கிவிட்டதால், ஏக்கமாகிவிடுகிறது. பிறகு வயலின்கள் முழுவதுமாக எழுந்து அந்த மெட்டை வாங்கிக்கொள்கின்றன.

இது லூக்கின் மெட்டு இல்லை. ரசிகர்கள் இன்று இதை 'ஃபோர்ஸ் தீம்' என்கிறார்கள். ஃபோர்ஸ் என்பது கதையில் வரும் மாய ஆற்றல். முதல் படத்தின் காலத்தில் வில்லியம்ஸ் இதை லூக்குக்கு வழிகாட்டும் கிழவர் ஓபி-வான் கெனோபிக்கும், அந்த ஆற்றலைக் கையாளும் ஜெடை வீரர்களுக்கும் உரியதாக எண்ணியிருந்தார். ஆனால் அஸ்தமனத்தின்போது ஓபி-வான் இன்னும் திரைக்கே வரவில்லை. ஃபோர்ஸ் என்றால் என்னவென்று பார்ப்பவருக்கு யாரும் விளக்கவில்லை. கிழவரின் மெட்டு, கிழவர் வருவதற்கு முன்பே பையனைத் தேடி வந்துவிட்டது. இந்தக் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் எழுதிப் பதிவு செய்தது வேறொன்று என்பது இன்னும் சுவாரசியம். அந்தப் பதிவு 1997-இல் வந்த சிறப்புப் பதிப்பு இசைத்தட்டில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமான இசை, குறை சொல்ல முடியாது. ஆனால் அது லூக்கின் மனநிலையைச் சொல்கிறது. படத்தில் இருப்பதோ லூக்குக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறது. அந்த ஓர் எட்டில்தான் பின்னணி இசை, காட்சிக்குப் பின்னால் நடப்பதை விட்டுக் காட்சிக்கு முன்னால் நடக்கத் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு இந்த மெட்டு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். மாமாவும் அத்தையும் எரிந்து கிடக்கும் வீட்டின் முன் லூக் நிற்கும்போது கதறலாகிறது. படத்தின் முடிவில் பதக்கம் அணிவிக்கும் விழாவில் நடையைத் துரிதப்படுத்திக்கொண்டு அரசவை அணிவகுப்பாகிறது. 2005-இல் வந்த படத்தின் கடைசிக் காட்சியில், கைக்குழந்தை லூக்கை ஏந்திக்கொண்டு மாமாவும் அத்தையும் அதே இரட்டைச் சூரியனைப் பார்க்கும்போது மறுபடி ஒலிக்கிறது. 2019-இல் ஒன்பதாவது படமும் அதே சூரியன்கள், அதே மெட்டு என்று முடிகிறது. அந்தக் கடைசி முறையில் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு ஆண்டுப் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார்கள் என்று தோன்றியது.

பெயர்ப்பலகைக் கோட்பாட்டை வில்லியம்ஸே உடைக்கும் இடம் ஓபி-வானின் மரணம். வேடரின் வாள் வீசப்பட, கிழவர் மறைந்துவிடுகிறார், வெறும் அங்கி தரையில் விழுகிறது. விதிப்படி இங்கே ஓபி-வானின் மெட்டுதான் வர வேண்டும். வயலின்கள் பொங்கி வந்து வாசிப்பதோ இளவரசி லேயாவின் மெட்டை. லேயாவுக்கும் அவருக்கும் அந்தப் படத்தில் நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. கையிலிருந்த மெட்டுகளிலேயே நெகிழ்ச்சியும் வீச்சும் அதற்குத்தான் அதிகம் இருந்தது, அதனால் பயன்படுத்தினேன் என்ற பொருளில் வில்லியம்ஸ் விளக்கம் தந்திருக்கிறார். இலக்கணம் பார்ப்பவர்கள் இதைப் பிழை என்பார்கள். அந்தக் காட்சியை நூறு முறை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறுத்தியது? லேயாவின் மெட்டு மந்திர பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரே இழுப்பில் எழும்பும். கையை நீட்டி எட்டாத ஒன்றைத் தொடப் பார்க்கும் அசைவு அது. காதலுக்கும் பொருந்தும், இழப்புக்கும் பொருந்தும். இரண்டாவது படத்தில் ஹான் சோலோவும் லேயாவும் காதலிக்கத் தொடங்கும்போது வில்லியம்ஸ் புது மெட்டு எழுதினார். அதுவும் அதே எழும்பலில் தொடங்கி வேறு பக்கம் திரும்பிப் போகிறது.

முதல் படத்தில் வரும் மதுக்கடைக் காட்சியின் இசையைப் பற்றி இரண்டு வார்த்தை. வேற்றுக்கோள் உயிரினங்கள் ஏதோ ஒரு பாறைக்கு அடியில் முப்பதுகளின் பென்னி குட்மன் ஸ்விங் இசைத்தாளைக் கண்டெடுத்து, தங்களுக்குப் புரிந்தபடி வாசித்தால் எப்படி இருக்கும் என்று லூகாஸ் கேட்டாராம். சாக்ஸபோன், கிளாரினெட் ஆகியவற்றோடு கரீபியத் தீவுகளின் ஸ்டீல் டிரம்மையும் சேர்த்து, தாழ்ந்த ஒலிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு வில்லியம்ஸ் அதைச் செய்தார். இந்தத் துண்டையும் முகப்பு மெட்டையும் கலந்து மீகோ என்பவர் செய்த டிஸ்கோ வடிவம் 1977 அக்டோபரில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. டிஸ்கோ யுகத்தில் சிம்பொனி எழுதியவரின் மெட்டு கடைசியில் டிஸ்கோவாகத்தான் அங்கே ஏறியது.

இனி வேடரின் அணிவகுப்பு. அது முதலில் ஒலித்தது திரையரங்கில்கூட இல்லை. 1980 ஏப்ரல் 29 அன்று, பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் நடத்துநராகப் பொறுப்பேற்ற வில்லியம்ஸ் தன் முதல் கச்சேரியில் அதை வாசிக்க வைத்தார். படம் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. மெட்டு சிக்கனத்தின் உச்சம்: ஸ ஸ ஸ, கீழ்த் தைவதத்தைத் தொட்டு மேலே காந்தாரத்துக்குப் போய் மறுபடி ஸ, அதையே இன்னொரு முறை. ஒரே இடத்தில் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறது. இதை மட்டும் பாடினால் சாதாரண ராணுவ நடைதான். திகில் கீழே இருக்கிறது. மெட்டு தைவதத்துக்கு இறங்கும்போது கூடவே ஒலிக்கும் சுரக்கூட்டில் காகலி நிஷாதம் நுழைகிறது. அதாவது ஆதார ஸட்ஜமத்துக்கு அரைச்சுரம் கீழே. மெட்டு எந்தத் தரையில் மிதித்து நிற்கிறதோ அந்தத் தரையையே உடன் வாசிப்பவர்கள் அரையங்குலம் நகர்த்திவிடுகிறார்கள். அடுத்த நொடியே பழைய இடத்தில் வைத்துவிடுகிறார்கள். வெளியே எஃகு ஒழுங்கு, உள்ளே ஏதோ கோணல். வேடர் என்ற மனிதரைப் பற்றி இதைவிடத் துல்லியமான குறிப்பு திரைக்கதையிலும் கிடையாது.

அதே படத்தில் ஜெடை குரு யோடாவுக்கு எழுதிய மெட்டில் கல்யாணியின் பிரதி மத்திமம் மின்னி மறையும். குள்ளக் கிழவர் சேற்றிலிருந்து விமானத்தைத் தூக்கும்போது அது விரிந்துகொண்டே போவது தனி அழகு. 1982-இல் 'ஈ.டி.' படத்தில் மாறுவேடத் திருவிழாவில் யோடா வேடம் போட்ட குழந்தை ஒன்று தெருவில் எதிர்ப்பட, வில்லியம்ஸ் அங்கேயும் அந்த மெட்டை ஒரு கணம் தவழவிட்டுக் கண் சிமிட்டுகிறார்.

மூன்று ஆண்டுகளில் அணிவகுப்பு இசை உலகத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் 1983-இன் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'. மகன் லூக்கைக் காப்பாற்றி வீழ்ந்து கிடக்கும் வேடர், முகமூடியைக் கழற்றச் சொல்கிறார். உள்ளே வெளிறிய, வடுப்பட்ட ஒரு வயதான முகம். பித்தளைக் கருவிகள் இல்லை, முரசு இல்லை. வயலின்கள் உச்ச ஸ்தாயியில் நூலிழையாக நிற்க, மரக்குழல்கள் அதே மெட்டைத் துண்டு துண்டாக, ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துச் சொல்கின்றன. கடைசியில் ஹார்ப் கருவியின் தந்திகள் அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, மெல்லத் தொட்டு நிறுத்துகின்றன. இத்தனை காலம் ஒரு படையையே நடத்திச் சென்ற மெட்டு, சுவாசம் அடங்குவது போல் அடங்குகிறது. முதல் படத்திலிருந்தே இந்த மெட்டு வேடருடன் இருந்தது என்று நாம் தவறாக நினைவு வைத்திருப்பதற்கு இந்த இடத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இப்படி இறக்கக்கூடிய மெட்டு அந்த மனிதரோடு பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

1999-இல் வெளிவந்த படத்தோடு லூகாஸ் கதையின் முன்பகுதியைச் சொல்லத் தொடங்கியபோது வில்லியம்ஸுக்குத் தலைகீழான வேலை வந்தது. விளைந்த மரத்திலிருந்து விதையைச் செய்ய வேண்டும். அந்தப் படத்தில் உலகமே கொண்டாடியது வாள் சண்டைக்கான கோரஸ். அதன் சொற்கள் சம்ஸ்கிருதம். பழைய வெல்ஷ் கவிதை ஒன்றிலிருந்து, நாவின் அடியில் ஒரு கொடும்போர், தலைக்குள் இன்னொரு போர் என்ற பொருள் வரும் வரிகளை எடுத்து, சம்ஸ்கிருதத்தில் பெயர்க்கச் செய்து, அசைகளை ஓசைக்காகவே மாற்றி அடுக்கியிருக்கிறார். 'கோரா மாத்தா கோரா ராத்தாமா' என்று லண்டன் பாடகர்கள் முழங்குகிறார்கள். சம்ஸ்கிருதம் தெரிந்தவர்களும் இதற்குப் பொருள் தேடிக் களைத்துப்போவார்கள். வெறும் ஒலிதான். ஆனால் என்ன ஒலி!

எனக்கு அதைவிடப் பிடித்தவை அதே படத்தில் ஒளித்துவைத்த இரண்டு. பின்னாளில் வேடர் ஆகப்போகும் சிறுவன் அனகினுக்கு எழுதிய மெட்டு வெள்ளை மனத்தோடு மிதந்து போகும். முடியும் தறுவாயில், வேடரின் அணிவகுப்புச் சுரங்கள் தாழ்ந்த குரலில் அதற்குள் எட்டிப் பார்க்கும். பழைய படங்களைப் பார்க்காமல் கதை வரிசைப்படி இங்கிருந்து தொடங்கும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சுரங்கள் ஒன்றும் சொல்லாது. வருகை வரிசையில் பார்த்தவர்களுக்குத்தான் முதுகு சில்லிடும்.

இன்னொன்று படத்தின் கடைசி ஊர்வலம். எதிரி ஒழிந்தான், நாபூ கோள் விழாக் கோலம் பூண்டிருக்கிறது, குழந்தைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள். 1983-இல் பேரரசருக்கென்று ஆண்குரல்கள் சொற்களின்றி அடித்தொண்டையில் முனகிய ஒரு மெட்டு உண்டு. குழந்தைகள் பாடுவது அதைத்தான். வேகத்தைக் கூட்டி, சோக சுரங்களை மகிழ்ச்சியானவையாக மாற்றி. படிக்கட்டில் இளவயது ராணியோடு நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், புதிதாகப் பதவியேற்ற பால்பட்டீன். அவர்தான் பின்னாளில் பேரரசர் ஆகப்போகிறவர்.